ஒரு புள்ளி குறைந்த வாழ்த்து அட்டை

கெட்டி அட்டையை அதற்குப் பிடிக்காத வாட்டத்தில் மடித்தால் ஒரு சத்தம் வரும். அப்பளம் நொறுங்குவதைவிடச் சின்னது. அஸ்தம்பட்டியில் பல் டாக்டரிடம் முறைக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர், மின்விசிறி ஓடாத எரிச்சலில், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையை விசிறிக்குத் தோதாகத் திருப்பி மடித்தார். கரக். அவர் விசிற ஆரம்பித்துவிட்டார். மேல்பூச்சு வெடித்து, சிவப்புக்கு நடுவே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இல்லாத ஒரு வாசனையும் வந்தது: கல்தூள் கலந்த கருப்பு கிரீஸ். ரிக் வண்டி கிரீஸ்.

என் அக்கா புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, தோட்டங்காட்டுக்குள் குடியிருக்கிறாள். சுற்றி மரவள்ளி. மச்சான், அவள் புருசன், போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வண்டி சத்தீஸ்கர் போகும், ராஜஸ்தான் போகும், எங்கே கிணறு வற்றியதோ அங்கே போகும். மாதக்கணக்கில் வராமல் இருப்பது அந்த வீட்டில் செய்தியே இல்லை. ஆனால் நான் சொல்லும் அந்த மார்கழியில், வராமல் இருப்பது வேறு விதமாக ஆகிவிட்டிருந்தது.

அதற்கு ஒரு வருசத்துக்கு முன்னால் மச்சானுடைய அம்மா ஒரு விடிகாலையில் இறந்துபோனார். மச்சான் இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருந்தார். அக்கா போனில், “அத்தைக்கு ஒடம்பு சுகமில்லீங்க, ஒடனே பொறப்படுங்க” என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் அத்தனை தூரமும் தனியாக அழுதுகொண்டு வருவாரே என்று நினைத்திருக்கிறாள். பங்காளிகள் காத்திருக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். மச்சான் தாயாருக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கிக்கொண்டு படலைத் திறந்து உள்ளே வந்தார். விசயம் தெரிந்ததும் அவர் சத்தம் போடவில்லை. கடைசிவரை ஒன்றைத்தான் கேட்டார்.

“சொல்லியிருந்தா ரயில்ல சீட்டு ஆடியிருக்க மாட்டன்ல? அங்க எங்கம்மா எரியறா, இங்க நான் சிரிச்சுக்கிட்டு சீட்டு எறக்கிக்கிட்டு இருக்கறன்.”

காரியம் முடிந்த மறுநாள் கிளம்பிப் போனவர், அதற்கப்புறம் அக்காவிடம் பேசவில்லை. வீட்டுச் செலவுக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வருசத் திதியைக்கூட அங்கேயே ஏதோ ஆற்றங்கரையில் கொடுத்துவிட்டார் என்று கூட வேலை செய்பவர்கள் மூலமாகத்தான் தெரிந்தது.

திதி முடிந்தால் துக்கம் கழிந்தது. வாசலில் மறுபடி கோலம் போடலாம், பொங்கல் வைக்கலாம். அந்த முதல் பொங்கலுக்கும் அவர் வராவிட்டால் இனி எதற்கும் வரமாட்டார். அக்கா இதை என்னிடம் மாட்டுக்குத் தீவனம் கலக்குகிற குரலிலேயே சொன்னாள்.

“வாட்சப்புல சொல்லிப் பாரேன்.”

“ரெண்டு நீலக் கோடு உழுகுது. அவ்வளவுதான். கோட்டப் பாத்துப் பாத்துக் கண்ணே நீலமாப் போச்சு.”

பிறகு அவளே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். போட்டோ வைத்து, இரண்டாக மடிக்கிற பொங்கல் வாழ்த்து அட்டை. மச்சானுக்கு மட்டும் இல்லை, அவரோடு சேர்த்து அந்த ரிக் வண்டியில் இருக்கும் பத்துப் பேருக்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டு ஆட்கள் போட்டோவோடு. திருச்செங்கோட்டிலிருந்து பைப்பும் ஸ்பேரும் ஏற்றிப் போகும் சப்போர்ட் லாரி மெயின் ரோடு வழியாகத்தான் போகும், அதில் கொடுத்துவிடலாம்.

“அவருக்கு மட்டும் அனுப்புனா பிரிக்க மாட்டாரு. அப்படியே தலகாணிக்கடியில போயிரும். ஒம்போது பேரு சுத்தி உக்காந்து பிரிக்கறப்ப அவரு கை மட்டும் சும்மா இருக்குமா? பிரிச்சுத்தான் ஆகோணும்.”

அவள் அறிவு எப்போதும் இப்படிப் பக்கவாட்டில் வேலை செய்யும்.

போட்டோ எடுக்கப் போனோம். பக்கத்து ஊர்களுக்கு அவளே ஸ்கூட்டரில் போய்விட்டாள். வாழப்பாடிப் பக்கத்தில் மூன்று வீடு, அதற்கு மட்டும் என் பைக். எங்கே போனாலும் ஒரே பிரச்சினை: மூன்று பேராக நிற்கமாட்டார்கள். மூன்று பேர் நின்று போட்டோ எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. புருசன் வேறு பூமிக்குள் எழுநூறு அடி எண்ணூறு அடி என்று தோண்டிக்கொண்டிருக்கிறான், யார்தான் துணிவார்கள்? பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வந்து நாலாக்கினார்கள். ஒரு வீட்டில் மாமியாரை வெளியேற்றி இரண்டாக்கினார்கள். மாமியார் கேமராவுக்குப் பின்னால் நின்று, மருமகள் இளிக்கிறாள் என்று குறை சொன்னார்.

வாழப்பாடியில் ஒரு அம்மாள், மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஆட்டையும் இழுத்து வந்தார்.

“அவுரு எங்க மூஞ்சியப் பாக்க மாட்டாருங்க. ஆடு எளைச்சிருக்குதா தேறியிருக்குதான்னுதான் பாப்பாரு. இத நடுவுல நிறுத்துங்க.”

“ஆட்டோட சேத்தி மூணு ஆவுதே?” என்றாள் அக்கா.

“ஆடு கணக்குல சேராதுங்க.”

ஆடு நடுவில் நின்றது.

அக்காவின் போட்டோவை நான்தான் எடுத்தேன். தோட்டத்தில், மச்சான் தன் கையால் போட்ட போரின் அருகே. அவள் வலப்பக்கம் நின்றாள். இடப்பக்கம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பு, மோட்டார் ஒயர், கொஞ்சம் வெறும் மண். “நடுவுக்கு வா அக்கா” என்றேன். “இங்கயே இருக்கட்டும்” என்றாள். சேலையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

சேலத்தில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் கொடுத்தேன். அட்டை முழுக்கப் படம், வெளிப்பக்கம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. மூடியிருக்கும்போது படத்தின் வலது பாதி முன்அட்டை. விரித்துக் கவிழ்த்தால் முழுப்படம். உள்பக்கம் வெள்ளை, எழுதுவதற்கு. கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. முதல் அட்டையைக் கடையிலேயே சட்டென்று மடித்தேன். கரக். வெடித்த கோடு ஆட்டின் முதுகில் நேராக இறங்கியது.

கடையில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே, “துணி மடிக்கற மாதிரி மடிச்சா அப்பிடித்தாங்க சார்” என்றார்.

பிறகு இரக்கப்பட்டுக் காட்டினார். காகிதத்துக்கும் நார் ஓட்டம் உண்டு, மரத்துக்கு இருப்பது போல. அட்டையை இரண்டு வாட்டத்திலும் லேசாக வளைத்துப் பார்த்தால், ஒரு வாட்டத்தில் முறைக்கும், இன்னொன்றில் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளும் வாட்டத்தில்தான் மடிப்பு விழ வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் மடிப்பு விழும் இடத்தில் அழுத்தி ஒரு பள்ளம் கீற வேண்டும். அறுத்துவிடக் கூடாது, வழி மட்டும் காட்ட வேண்டும். மெதுவாக மடித்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வழவழப்பான கெட்டிப் பொருள் எதையாவது கொண்டு ஒரே இழுப்பாகத் தேய்க்க வேண்டும்.

“மேல தாள் வைக்க மறந்துராதீங்க சார். கறை ஆயிரும்.”

நார் ஓட்டம் பார்த்துப் படங்களைத் திருப்பிப் போட்டு மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். பத்து அட்டை. மிச்சம் ஒன்றும் இல்லை.

லாரி வரும் நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் நடுவீட்டில் பாயை விரித்துப் போட்டிருந்தாள். அந்தந்த வீட்டார் சொல்லச் சொல்ல ஏற்கெனவே தனித்தாளில் எழுதி வந்ததைப் பார்த்து அவள் அட்டையின் உள்பக்கம் எழுத, நான் பள்ளம் கீறி மடித்தேன். கேட்டாலே சிரிப்பு வரும் வாசகங்கள் அவை. ‘டிவி ரிப்பேர் பண்ணியாச்சு.’ ‘பெரியவளுக்குக் கண்ணாடி போட்டிருக்கு, கேலி செய்யக் கூடாது.’ ஆட்டுக்காரம்மாள் சொன்னது: ‘குட்டி ரெண்டு, ரெண்டும் பொட்டை.’ மச்சானுடைய அட்டையில் அக்கா இரண்டே சொல் எழுதினாள். ‘வருசம் திரும்பியாச்சு.’

தேய்க்க வழவழப்பாக ஒன்று வேண்டும். கரண்டிக்காம்பு வழுக்கியது. டம்ளர் விளிம்பு நெளிந்திருந்தது. அக்கா எழுந்துபோய் மச்சானுடைய டப்பாவைக் கொண்டுவந்தாள். அதில் கிரீஸில் முக்கிப் பாதுகாத்த ஒரே ஒரு பட்டன். பாறையைக் குடையும் பிட்டின் முகத்தில் வட்டமாகப் பதித்திருப்பார்களே, கொட்டைப்பாக்கு அளவில், அந்தக் கெட்டி உலோகக் குமிழ். வீட்டுத் தோட்டத்தில் போர் போட்டு முடித்துப் பிட்டை மேலே தூக்கியபோது இது கழன்று அவர் காலடியில் விழுந்ததாம். உள்ளேயே விழுந்திருந்தால் போரே பாழ். அதனால் எடுத்து வைத்துக்கொண்டார்.

துணியால் துடைத்துவிட்டுத் தேய்த்தேன். அதைவிடப் பொருத்தமான பொருளை நான் அதுவரை கையில் பிடித்ததில்லை. பாறையைப் பொடிக்கவென்று செய்தது, காகிதத்தில் பூனை மாதிரி நடந்தது. ஒரே இழுப்பு, மடிப்பு கத்தி விளிம்பு போல நின்றது. அந்தக் கோடு படிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக, மேலே தாள் வைப்பதை விட்டுவிட்டேன். மறக்கவில்லை. விட்டுவிட்டேன்.

பத்தாவதை முடித்து அடுக்கித் தட்டியபோது அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

“நில்லு.”

அடுக்கில் மேலாக இருந்த அட்டையின் மேல்மூலையில் கருப்பு. பட்டனின் முதுகில், துணி போகாத சந்தில் கிரீஸ் இருந்திருக்கிறது. இழுப்பு முடியும் இடத்தில் என் கை சாயும்போதெல்லாம் அது மூலையைத் தொட்டிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மூன்று அட்டைகளில் இருந்தது. மூன்றில் ஒன்று மச்சானுடையது.

நல்ல காரியத்துக்கு மூலையில் மஞ்சள், சாவுக்குக் கருப்பு. கடுதாசியைக் கையில் வாங்கியதும் எழுத்தைப் பார்க்கும் முன்னால் மூலையைப் பார்க்கும் ஜனங்கள் நாங்கள். தாயின் சாவை மறைத்துச் சொன்னாள் என்று ஒரு வருசமாகப் பேசாத மனுசனுக்கு, மூலையில் கருப்பு வைத்த அட்டையை நான் மடித்து வைத்திருந்தேன்.

“பெட்ரோல் போட்டுத் தொடச்சா...”

“படமும் போயிரும்.”

“சேலம் போயி மறுபடி...”

“லாரி மூணு மணிக்கு வருது. நீ என்ன ஏரோப்ளேன்லயா போற?”

மூலையை வெட்டிவிடலாமா என்றேன். மூலை இல்லாத கடுதாசி மட்டும் லட்சணமா என்று கேட்டாள். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, ஆட்டுக்காரம்மாள் அட்டையின் கறைமேல் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். கருப்பின்மேல் மஞ்சள் பச்சையாகத் திரிந்தது. ஈரம் பட்ட மூலை அப்பளம் போல உப்பிக்கொண்டது. வெளியே கிழங்கு பிடுங்கும் ஆட்கள் யாரையோ கிண்டல் செய்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

“கண்ணாலக் கடுதாசிக்கு மஞ்ச, கருமாதிக் கடுதாசிக்குக் கருப்பு. நீ ரெண்டையும் ஒண்ணா அனுப்பற. வாங்கறவன் சிரிக்கறதா, அழுகறதா?” என்றாள். எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மஞ்சள் பட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பட்டனை எடுத்தாள். அதன் உருண்டை முனையை டப்பாவின் கிரீஸில் தொட்டு, ஆட்டுப்பட அட்டையின் பின்பக்கத்தில், வெறும் மண் இருக்கும் இடத்தில், ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. நடுவில் ஐந்து, சுற்றி எட்டு. கோலப்புள்ளி வைக்கும் வேகம்தான், ஆனால் அது கோலம் இல்லை. பிட்டின் முகம். பட்டன்கள் பதித்த அதே வரிசை. எண்ணெய் கசிந்து ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மங்கலாக ஒரு வளையம் விழுந்தது. மூலையில் இருந்த கறை இப்போது வேலையின் கறை ஆகிவிட்டது. ரிக் ஆட்களுக்கு அதை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியதில்லை. பொழுதன்னைக்கும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றில் மட்டும் இருந்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று பத்திலும் வைத்தாள். கடைசியாக மச்சானுடையது. நடுவில் ஐந்து. சுற்றி ஏழு வைத்து நிறுத்திவிட்டாள்.

“ஒண்ணு குறையுது அக்கா.”

“தெரியும்.”

“வெச்சிரு. எண்ணிப் பாப்பாரு.”

“பாக்கட்டும்.” பட்டனைத் துடைத்து டப்பாவுக்குள் போட்டு மூடினாள். “அது எங்கிட்ட இருக்குதுன்னு அவருக்குத் தெரியும்.”

மூன்றரை மணிக்கு லாரி மெயின் ரோட்டோரம் நின்றது. டிரைவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், இளவயசு. அட்டைக் கட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கோழி மருந்து வந்த அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டியிருந்தோம். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

“அண்ணங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுங்களாக்கா?”

“ஒண்ணும் வேண்டாஞ் சாமி. கை கழுவீட்டுப் பிரிக்கச் சொல்லு. அவ்வளவுதான்.”

பொங்கல் வந்தது. நான் சேலத்தில் இருந்தேன். மாட்டுப் பொங்கலன்று போன் செய்தேன். “வெச்சுட்டம்” என்றாள். பொங்கலைச் சொன்னாள். மச்சான் பேச்சே வரவில்லை. வாழப்பாடி அம்மாள் மட்டும் எனக்குப் போன் செய்து, அட்டை கிடைத்துவிட்டது, ஆட்டின் இடுப்பில் என்ன கோடு, அடிபட்டதா என்று வீட்டுக்காரர் கேட்டார் என்றார். மடிப்பு என்று விளக்கினேன். “அதானுங்க, நானும் அதையேதான் சொன்னேன்” என்றார்.

காணும் பொங்கல் கழிந்து நாலாம் நாள் அக்கா போனில், “இந்தப் பக்கம் வர்றதுன்னா வாயேன்” என்றாள். குரலில் வித்தியாசம் இல்லை. போனால், மச்சான் தொட்டியடியில் குத்துக்காலிட்டு, மோட்டார் ஃபியூஸ் கேரியரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வாங்க மாப்ள” என்றார். நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவர் போல.

சட்டைப் பாக்கெட்டுக்கு மேலே அட்டை பாதி நீட்டிக்கொண்டு தெரிந்தது. பாக்கெட்டுக்குள் போக வேண்டுமே, நாலாக மடித்துவிட்டிருந்தார். நார் ஓட்டத்துக்குக் குறுக்கே. இரண்டாவது மடிப்பு முழுக்க வெடித்து, அக்காவின் இடுப்பில் வெள்ளையாக ஒரு கோடு. பள்ளம் கீறி, பார்த்துப் பார்த்து மடித்தவன் வயிறு எரியத்தான் செய்தது. அதோடு, மடிப்பின் மேலே முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை, கிரீஸில்.

அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தவள் அதைப் பார்த்தாள். “கை கழுவீட்டுத்தானே பிரிக்கச் சொன்னன்?”

“கழுவறதுக்குத் தண்ணி வரோணுமே. எழுநூறு அடி போயிம் பொகையாத்தான் வந்துது.”

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வருசப் பேச்சு எந்தச் சொல்லில் தொடங்கும் என்று நான் பலவிதமாக நினைத்திருந்தேன். அது தண்ணி வராத ஒரு போரில் தொடங்கியது. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் இல்லாத நேரத்தில் கேட்டிருக்கலாம். சாப்பிடும்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “இந்தத் தடவ ரயில்ல சீட்டு ஆடுனீங்களா மச்சான்?” என்று கேட்டுவிட்டேன். அக்காவின் கரண்டி குழம்புச் சட்டியில் நின்றுவிட்டது.

“ஆடுனன்,” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் பொறுத்து, “தோத்துட்டன்” என்றார். கரண்டி நகர்ந்தது.

மத்தியானம் அவர் அந்த டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்து மூடியதை நான் பார்த்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஒன்பது நாள் இருந்துவிட்டுக் கிளம்பினார். மெயின் ரோட்டுக்கு மூன்று பேருமாக நடந்தோம். அக்கா கையில் கட்டுச்சோற்றுப் பை. முட்டை வண்டிகள் நாமக்கல்லிலிருந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று கடந்தால் மண் எழும்பும், அடங்கும், அடுத்தது வரும். போன தடவை அவர் போனபோது அக்கா வாசலைத் தாண்டவில்லை. நான் அட்டையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நார் ஓட்டம், குறுக்கே மடித்தால் வெடிக்கும் என்றெல்லாம். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

அதே லாரி வந்து நின்றது. மச்சான் ஒரு காலை ஏறுபடியில் வைத்தார். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அடுத்த வருசம் நாலாவே மடிச்சு அனுப்பிரு புள்ள. பாக்கெட்டுல போறாப்பல இருக்கட்டும்.”

அக்கா பையை மேலே நீட்டினாள்.

“நீங்களே வந்து மடிச்சுக்குங்க.”